கம்பம் நிறுத்த வந்தவர்களின் பட்டியல்

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணிக்குப் பலகணியில் இருக்கும் வெப்பமானி இரண்டு பாகை காட்டியது. அதைக் கொப்பியில் எழுதினேன். எழும்பியவுடன் நான் செய்கிற முதல் வேலை அதுதான். பிறகு தேநீர், இரண்டு துண்டுப் பாண், ஐந்து நாற்பதுக்குச் சைக்கிள். ஆறு மணிக்கு முன்னர் விளையாட்டுத் திடலின் கேற்றைத் திறந்துவிட்டேன். புல்லில் உறைபனி இருந்தால் ஒருவரையும் உள்ளே விடக்கூடாது. உறைந்த புல் மிதிபட்டால் இரண்டு நாளில் கறுத்துவிடும். அன்று உறைபனி இல்லை. நான்கு மூலைகளிலும் நடுவிலும் சப்பாத்து நுனியால் தட்டிப் பார்த்துவிட்டு வாசற்பலகையில் பச்சை அட்டையை மாட்டினேன். உடைமாற்றும் அறைகளைக் கழுவினேன். ஒன்பது மணிக்கு ஒரு பள்ளிக்கூட வகுப்பு வந்தது, பதினொன்றரைக்குப் போனது. தவறவிட்ட கையுறை ஒன்று, இடது கை, நீலம்.

நான் துன் நகரின் ஓரத்தில் உள்ள நகரசபைத் திடலைப் பார்த்துக்கொள்கிறவன். இங்கே அந்த வேலைக்குப் பிளாட்ஸ்வார்ட் என்று பெயர். அதற்கு முன்னர் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பன்னிரண்டு வருடங்கள். இனி எழுதப்போகிறவர்களின் பெயர்களைத் தவிர்த்துவிடுகிறேன். ஊர் சிறியது.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் எங்கள் திடலுக்கு வரும் கழகம் அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம் ஆடுகிறது. முதல் தடவை அவர்களைக் கண்டபோது, இவர்கள் எந்த விளையாட்டை ஆடுகிறார்கள் என்பதை அரை மணி நேரம் பார்த்தும் என்னால் சொல்ல முடியவில்லை. பந்து நீள்வட்டம். காலால் உதைக்கிறார்கள், கையால் பிடிக்கிறார்கள். இன்னொருவருக்குக் கொடுக்கும்போது எறிவதில்லை. ஒரு கையில் ஏந்தி மறு கையின் முட்டியால் குத்தி அனுப்புகிறார்கள். அடுத்த நாள் அவர்கள் விட்டுப்போன பந்து ஒன்றை எடுத்துச் சீமெந்துத் தரையில் இருபது தடவை போட்டுப் பார்த்தேன். எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று குறித்தேன். ஒன்பது தடவை இடது, ஆறு தடவை வலது, நான்கு தடவை என்னை நோக்கி. ஒரு தடவை அது துள்ளவேயில்லை. அதற்கு என்ன காரணம் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

கோல் இருக்கும் இடத்தில் வலை கிடையாது, குறுக்குச் சட்டமும் கிடையாது. ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவில் உள்ள இரண்டும் உயரம், வெளியில் உள்ள இரண்டும் கட்டை. உயரமான கம்பங்களுக்கு இடையால் பந்து போனால் ஆறு புள்ளி. உயரத்துக்கும் கட்டைக்கும் இடையால் போனால் ஒரு புள்ளி. குறி தவறியவருக்கும் ஒரு புள்ளி கொடுக்கிற விளையாட்டை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று அப்போதைய கப்டனிடம் கேட்டேன். அவர் மெல்பேர்ணிலிருந்து வந்த இளைஞர், குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டைகள் பழுதுபார்ப்பவர். "கிட்ட வந்திட்டாரெல்லோ" என்றார். அவரும் மற்றவர்களும் என்னோடு கதைத்தது ஜெர்மன், பெரும்பாலும் பெர்ன் ஜெர்மன். ஆனால் எனக்கு அவர்களுடைய கதையெல்லாம் தமிழில்தான் நினைவிருக்கிறது.

இப்படிக் கேள்வி கேட்டுக் கேட்டு ஒருநாள் நானே கோல் நடுவர் ஆகிவிட்டேன். கம்பங்களுக்குப் பின்னால் நின்று, ஆறு புள்ளி என்றால் இரண்டு கொடி, ஒன்று என்றால் ஒரு கொடி அசைக்க வேண்டும். பிறகு அட்டையில் எழுத வேண்டும். கோல் நடுவர் வெள்ளை அங்கி போடுவது அந்த விளையாட்டின் வழக்கமாம். இன்டர்லாக்கன் சமையலறை அங்கி என்னிடம் இருந்தது. இரண்டு வருடங்களாக அதைத்தான் போடுகிறேன்.

அந்த மார்ச் மாதம் கழகம் ஒரு மயிரிழையில் நின்றது. முந்திய பருவத்தில் எட்டு ஆட்டம், ஒரு வெற்றி. ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர் வேண்டும். எங்கள் லீக்கில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடலாம். அப்படியிருந்தும் இரண்டு தடவை எதிர் அணியிடம் ஆள் கடன் வாங்கித்தான் ஆடினோம். தை மாதம் மெல்பேர்ண்காரர் ஊருக்குத் திரும்பிவிட்டார். கப்டன் கையெழுத்திட்ட அணிப் பட்டியல் மார்ச் 15ஆம் திகதிக்குள் லீக்குக்குப் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் அந்தப் பருவத்தில் இடமில்லை. லீக்கில் இல்லாத கழகத்துக்கு நகரசபை திடல் கொடுக்காது. செவ்வாய் மாலைக்கு உதைபந்தாட்டச் சிறுவர் அணி ஒன்று ஏற்கெனவே வரிசையில் நின்றது.

அந்தச் செவ்வாய் போய்விட்டால் எனக்கு என்ன என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தொரு வருடங்கள். வேலையில் சம்பளத்துக்காக நிற்கிறேன். கோயிலிலும் கலியாண வீடுகளிலும் சொந்தக்காரனாக நிற்கிறேன். அந்தக் கம்பங்களுக்குப் பின்னால் மட்டும் தெரிந்துகொள்ளும் ஆசையில் நின்றேன். அதை விட மனம் வரவில்லை.

கப்டன் என்றால் யார் என்பதையும் அந்த நாட்களில் விசாரித்தேன். மெல்பேர்ண்காரர் போவதற்கு முன்னர் சொன்னது: "தோற்றுக்கொண்டிருக்கேக்க கதைக்கிற ஆள்." எங்கள் அணியில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஒரு கூரை வேலைக்காரர், முப்பத்தெட்டு வயது, பெர்ன் மலைக்கிராமத்துக்காரர். அவர் சொன்னது: "முதலில ஓடுற ஆள்." கழகத் தலைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. மகன் விளையாடியதால் வந்தவர். மகன் பாசலுக்குக் குடிபோய் நான்கு வருடங்களாகியும் தாய் இன்னும் போகவில்லை. அவர் சொன்னது: "படிவத்தில கையெழுத்து வைக்கிற ஆள்." மூன்றையும் எழுதி வைத்தேன். மூன்றும் ஒரே வேலையைப் பற்றியவை என்று நம்புவது எனக்குக் கடினமாக இருந்தது.

இனிக் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திடல் உதைபந்தாட்டத்துக்கு உரியது என்பதால் எங்கள் எட்டுக் கம்பங்களும் நிரந்தரமாக நிற்க முடியாது. நிலத்தில் குழாய்கள் புதைத்து மூடி போட்டிருக்கிறோம். ஒவ்வொரு செவ்வாயும் மூடியைத் திறந்து கம்பத்தை நிறுத்தி, முடிந்ததும் கழற்றிக் கொட்டகையில் வைத்து, மூடியைத் திரும்பப் போட வேண்டும். ஒரு மூடி விடுபட்டால் அடுத்த நாள் ஒரு பிள்ளையின் கணுக்கால் போய்விடும். உயரக் கம்பம் ஆறு மீற்றர். அதைத் தனி ஆள் தூக்கக்கூடாது என்பது நகரசபையின் பாதுகாப்பு விதி. இரண்டாவது ஆளாக யார் நின்றார் என்று எழுதி வைக்க வேண்டும். ஆகவே ஐந்து மணி தொடக்கம் கம்பங்கள் நிற்கும்வரை யார் யார் வந்து கைகொடுத்தார்களோ அவர்களுடைய பெயர்களைக் கொப்பியில் தமிழில் எழுதினேன். கம்பங்கள் நின்ற பிறகு வருகிறவர்களை எழுதவில்லை. எழுத ஒரு காரணமும் இருக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கு முந்திய சனிக்கிழமை கழகத் தலைவி தொலைபேசியில் அழைத்தார். "நீங்கள் செவ்வாய்க்கிழமைகளில பேர் எழுதுறனீங்கள் தானே? கப்டனுக்குப் பேர் போட்டிருக்கிற ரெண்டு பேரும் போன பருவத்தில எத்தினை தரம் எண்டு எண்ணி அனுப்புவீங்களோ? தேர்தலுக்கு உதவும்" என்றார். நான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டு தடவை எண்ணினேன். முப்பத்துநான்கு செவ்வாய்கள். பெயரும் எண்ணும் மட்டும் எழுதி அனுப்பினேன். அது எதைப் பற்றிய பட்டியல் என்று தலைப்பு எழுதவில்லை. கொப்பி எதற்கானது என்று எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தேன். கம்பம் நிறுத்த வந்த நான்கு பேரைத் தவிர வேறு ஒருவருக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

செவ்வாய் மாலை நாலே முக்காலுக்குச் சாரதி வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குத் துன்னில் பிறந்தவள், முப்பது வயது, நகரப் பேருந்து ஓட்டுகிறாள். என்னை அங்கிள் என்று கூப்பிடுவாள். சீருடைக்கு மேலே விளையாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நேரே கொட்டகைக்கு வந்தாள்.

"அங்கிள், இண்டைக்கு மூடி எல்லாம் உங்கட பக்கமோ என்ர பக்கமோ?"

"தெற்குப் பக்கம் நான் திறந்திட்டன். நாலு."

"அப்ப வடக்கில நாலு. எண்ணிப்போட்டுச் சொல்லுறன். போன கிழமை மாதிரி ஒண்டை வாளிக்குள்ள வைச்சிட்டு ஊரெல்லாம் தேடேலாது."

"அதை வாளிக்குள்ள போட்டது நீ."

"ஓம். தேடினதும் நான்தானே."

நான் கம்பத்தின் அடியைக் குழாயின் வாயில் வைத்து மிதித்துப் பிடிப்பேன். அவள் மறு நுனியைத் தலைக்கு மேலே தூக்கி, கைமாற்றிக் கைமாற்றி என்னை நோக்கி நடந்து வருவாள். கம்பம் நிமிர்ந்ததும் குழாய்க்குள் ஒரு சத்தத்தோடு இறங்கும். நான்கு உயரக் கம்பங்களுக்கும் பதினாறு நிமிடங்கள். அவள் நல்ல ஆட்டக்காரி என்று சொல்ல முடியாது. இரண்டு பருவங்களில் ஒரு கோல் அடித்திருக்கிறாள். ஒரு புள்ளிகள் பதினொன்று. என் அட்டையில் இருக்கிறது.

"இண்டைக்கு ஆரைத் தெரிவு செய்வினம்?" என்று கேட்டேன்.

"கூரைக்காரரைத் தான். வேற ஆர்? என்ர பேரைத் தலைவி சும்மா எழுதி வைச்சிருக்கிறா. ஆனா கூரைக்காரர் கோவக்காரர். போன வருஷம் நடுவரோட கதைச்ச கதைக்கு எங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை வந்தது. லுட்சேர்னில இருந்து எங்களுக்கு ஆட வாற ரெண்டு பேர், அவர் கப்டனெண்டால் வரமாட்டினமாம்."

"அவை வராட்டி ஒன்பது பேர் காணாதே."

"காணாது. அவர் வராட்டியும் காணாது." அவள் கையுறையைக் கழற்றினாள். "மெல்பேர்ணில இருந்து ஒரு ஆளை வாடகைக்கு எடுப்பம், அங்கிள்."

ஐந்தரைக்குச் சரியாகக் கூரைக்காரர் வந்தார். அவர் எப்போதும் ஐந்தரைக்குத்தான் வருவார், முந்துவதுமில்லை பிந்துவதுமில்லை. வந்ததும் ஓடத் தொடங்கிவிடுவார்.

பயிற்சி ஒரு மணி நேரம். கூட்டம் ஆறு நாற்பதுக்கு உடைமாற்றும் அறைக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அறையில். கம்பங்களைக் கூட்டம் முடிந்த பிறகு கழற்றலாம் என்று விட்டிருந்தேன். திடல் விளக்கு எட்டு மணிக்குத் தானாக அணையும். வாக்களிக்கும் உறுப்பினர் பதின்மூன்று பேர், நான் உட்பட. இந்த நாட்டில் பன்னிரண்டு பேர் சேர்ந்து முயல் வளர்த்தாலும் அதற்கு ஒரு கழகமும் யாப்பும் நிகழ்ச்சிநிரலும் இருக்கும். எனக்கு அது பிடிக்கும். அன்றைய நிரலில் ஆறு விடயங்கள்: வரவேற்பு, வாக்கு எண்ணுபவரைத் தெரிவுசெய்தல், ஆண்டறிக்கை, ஆட்ட அட்டவணை, கப்டன் தெரிவு, பல்வகை. எல்லாக் கூட்டத்திலும் கடைசி விடயம் பல்வகைதான். வேறெங்கும் அடங்காததை அங்கே பேசலாம். இரண்டாவது விடயத்தில் என்னை வாக்கு எண்ணுபவராக்கினார்கள். ஒருவரும் யோசிக்கவில்லை.

ஐந்தாவது விடயத்துக்குக் கழகத் தலைவி ஒரு தாளை எல்லோருக்கும் கொடுத்தார். என் பட்டியல்தான், தட்டச்சில். மேலே கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு: பயிற்சிக்கு வந்த தடவைகள். அதன் கீழே இரண்டே வரி. சாரதி, முப்பத்தொன்று. கூரைக்காரர், இரண்டு.

தாளை இரண்டாம் தடவை வாசித்தேன். முந்திய பருவத்தில் கூரைக்காரர் பயிற்சிக்கு வராமல் விட்டதுதான் இரண்டு தடவை. என் பட்டியலில் உள்ள இரண்டு, மழைக்கு ஒதுங்க நேரத்தோடு வந்து கம்பத்தைப் பிடித்த இரண்டு நாட்கள்.

லுட்சேர்ன்காரர்களில் ஒருவர் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "உவரை நான் ஒவ்வொரு கிழமையும் கண்ட மாதிரியெல்லோ கிடக்கு."

"நீர் கண்டிருப்பீர். ஆனா அவர் எழுதினால் பிழைக்காது" என்று பக்கத்தில் இருந்தவர் என்னைக் காட்டினார். "புல்லு எத்தினை எண்டு கேட்டாலும் சொல்லுவார்."

சிரித்தார்கள். கூரைக்காரர் சிரிக்கவில்லை. கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு போனார். பெர்ன் மலைக்காரருக்கு உண்மையான கோபம் வந்தால் வாய் மூடிவிடும் என்பதை நான் பல வருடங்களாகக் கவனித்திருக்கிறேன்.

நான் அப்போதே கையை உயர்த்தியிருக்க வேண்டும். ஏன் உயர்த்தவில்லை என்பதை அன்றிரவே எழுதி வைத்திருக்கிறேன். நான் வாக்கு எண்ணுபவன். எண்ணுகிறவன் தேர்தலுக்கு நடுவில் கதைப்பது ஒழுங்கல்ல. பந்தைத் தொடாத உறுப்பினன் ஆட்ட விடயத்தில் வாய் திறப்பதும் ஒழுங்கல்ல. பட்டியலைப் பற்றிக் கதைக்க நிரலில் தனி இடமில்லை. ஆகவே அது பல்வகைக்கு உரியது. முப்பத்தொரு வருடங்கள் இந்த நாட்டில் படிவங்களின் சரியான கட்டத்தில் சரியான சொல்லை எழுதிப் பழகியவன் இப்படித்தான் யோசிப்பான்போல. ஆறாவது விடயத்துக்காகக் காத்திருந்தேன்.

வாக்குத் துண்டுகளைச் சேர்த்து இரண்டு தடவை எண்ணினேன். சாரதிக்கு எட்டு, கூரைக்காரருக்கு நான்கு, ஒன்று வெறுமை. வெறுமை என்னுடையது. கைதட்டினார்கள். சாரதி நாற்காலியில் அசையாமல் இருந்தாள். கழகத் தலைவி படிவத்தை எடுத்துப் பேனையின் மூடியைக் கழற்றினார். பிறகு, "ஆறாவது, பல்வகை. ஆருக்கும் ஏதாவது இருக்கோ?" என்றார்.

நான் கையை உயர்த்தினேன். எழுந்து நின்று, பட்டியல் கம்பம் நிறுத்த வந்தவர்களின் பட்டியல் என்றும், பயிற்சிக்கு வந்தவர்களை நான் ஒருநாளும் எழுதவில்லை என்றும் சொன்னேன்.

பிறகு எல்லோரும் சேர்ந்து கதைத்தார்கள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?" கழகத் தலைவி கேட்டார்.

"ஐந்தாவது விடயம் தொடங்கேக்க."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"ஐந்தாவது விடயம் எண்டபடியால்."

கூரைக்காரருக்கு வாய் திறந்தது. "முப்பத்திரண்டு நாள்! மழையில, காய்ச்சலோட, முப்பத்திரண்டு நாள் வந்தனான். ரெண்டெண்டு அச்சடிச்சுக் குடுத்திருக்கிறியள். திரும்ப வாக்கெடுங்கோ!"

யாப்பைப் பார்த்தார்கள். தெரிவானவர் விலகினால்தான் திரும்ப வாக்கெடுக்கலாம். எல்லோரும் சாரதியைப் பார்த்தார்கள்.

அவள் ஜெர்மனில் சொன்னாள்: "கம்பம் நிறுத்த நான் வந்ததும் பெரிய விஷயமில்லை. என்ர வேலை நாலு இருபதுக்கு முடியும். வீட்டுக்குப் போய்த் திரும்ப வர நேரம் காணாது. அதால இங்க வந்து நிக்கிறனான். அவ்வளவுதான்." பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: "அங்கிள், நீங்கள் சொல்லாம விட்டிருக்கலாம்."

"அப்பிடி விடேலாது, பிள்ளை."

"ஓம். உங்களால ஏலாது."

அவள் விலகுகிறேன் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சுவர் மணிக்கூட்டையும் சன்னலையும் பார்த்தாள். "ஏழு முப்பத்தைஞ்சு. எட்டு மணிக்கு லைட் நிண்டிடும். கம்பம் எட்டும் வெளியில நிக்குது. முதல்ல அதை இறக்குவம்."

பதின்மூன்று பேரும் வெளியே போனோம். அதில் எட்டுப் பேர் இரண்டு வருடங்களில் ஒரு கம்பத்தையும் தொட்டதில்லை என்பது எனக்குக் கொப்பியைப் பார்க்காமலே தெரியும். கூரைக்காரர் நேரே ஒரு உயரக் கம்பத்திடம் போய், மரச்சட்டம் தூக்குகிறவர்போல் தோளைக் கொடுத்துத் தனியாகத் தூக்கினார். கம்பம் குழாய்க்குள் இறுகி, நுனி ஆடத் தொடங்கியது. கீழே மூன்று பேர் நின்றார்கள்.

"நில்லுங்கோ!" சாரதியின் குரல். அவள் கத்தி நான் கேட்டதில்லை. பேருந்துக் கதவுக்கு முன்னால் நிற்கிறவர்களிடம் பேசும் குரலாக இருக்க வேண்டும். "அசையாதேங்கோ. கதைக்கவும் வேண்டாம். நீங்கள் மூண்டு பேரும் எனக்குப் பின்னால. அங்கிள், அடி." நான் ஓடிப்போய்க் கம்பத்தின் அடியை மிதித்தேன். "இப்ப நேரே மேல. ஒரு சாண். காணும். இனிப் பின்னால நடவுங்கோ. மெதுவா. கூரையில இப்பிடியே ஏறுறனீங்கள்?"

"கூரை ஆடாது" என்றார் கூரைக்காரர் மூச்சு வாங்கியபடி. ஆனால் சொன்னபடி மெதுவாக நடந்தார்.

அதன்பின் அவள் ஆட்களைப் பிரித்தாள். யாருக்கு எது என்று ஒரு தடவைதான் சொன்னாள். தெற்கில் இருவர் இருவராக. வடக்கில் கட்டைக் கம்பங்கள் முதல். மூடி எடுக்க ஒருவர், மூடியை மிதித்துப் பார்க்க ஒருவர். கடைசியில் எல்லோரையும் நிறுத்தி மூடிகளைச் சத்தமாக எண்ண வைத்தாள். எட்டு. ஏழு ஐம்பத்தொன்று. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு கேள்வி வந்தது. கப்டன் யார் என்று முடிவாகாத ஒரு கழகம் பதினாறு நிமிடங்கள் ஒருவருடைய சொல்லுக்கு எப்படி நடந்தது? உள்ளே பேசியதை அவர்கள் மறந்திருந்தார்களா? கூரைக்காரர் மறந்ததாகத் தெரியவில்லை. அவர் கடைசி மூடியை இரண்டு தடவை மிதித்துப் பார்த்தார்.

கொட்டகை வாசலில் அவர் அவளிடம் வந்தார்.

"ஆட்டம் தொடங்கேக்க நடுவில பந்துக்குப் பாயிறது நான்தான்."

"வேற ஆர்? நான் பாய்ஞ்சால் சனம் சிரிக்கும்."

"நடுவரோட கதைக்கிறது நீ."

"அதைத்தான் நானும் சொல்ல நினைச்சனான்."

"ஐந்து மணிக்கெல்லாம் நான் வரமாட்டன்."

"ஐந்து பத்து."

"ஐந்து இருபது."

"ஐந்து பதினைஞ்சு. மழையெண்டாலும்."

அவர் கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்தினார். கழகத் தலைவி வெளிச்சம் அணைவதற்கு முன்னர் கப்டன் தெரிவுக்குத் திரும்பவும் கைதூக்கச் சொன்னார். யாப்பில் அப்படி இல்லை. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. சாரதிக்குப் பதினொரு கைகள். கூரைக்காரர் தனக்குத்தானே தூக்கினார், அதில் ஒளிவு மறைவு இல்லை. சாரதி ஒரு கையும் தூக்கவில்லை.

"கையெழுத்து?" என்று கழகத் தலைவி படிவத்தை நீட்டினார்.

"இப்ப ஏலாது" என்றாள் அவள். "ஆட்டமுள்ள சனிக்கிழமையில ஏழு நாள் எனக்கு வேலை. மாத்திறதுக்கு ஆக்களைப் பிடிக்க வேணும். இரவைக்குக் கேட்டுப் பார்க்கிறன். ஆள் கிடைக்காட்டி நான் கப்டனெண்டு பேருக்குத்தான் இருப்பன், அதுக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்." பிறகு என்னிடம்: "அங்கிள், நாளைக்கு முதல் பஸ் எனக்கு. ஐந்து இருபத்திரண்டுக்குத் திடல் வாசலில இருந்துதான் வெளிக்கிடுறன். படிவத்தை நீங்கள் கொண்டு வாங்கோ. அப்ப சொல்லுறன்."

கழகத் தலைவி படிவத்தை என்னிடம் தந்தார். பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போனேன். ஒன்பதரைக்குப் படுத்தேன். ஏழு சனிக்கிழமைக்கு எத்தனை சாரதிகளிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் பார்த்தபடி தூங்கினேன்.

புதன்கிழமை நாலரைக்கு எழும்பினேன். ஐந்து மணிக்குச் சைக்கிளில் இருந்தேன். ஐந்து பதினான்குக்கு வாசலுக்கு வந்தபோது பேருந்து உள்விளக்குகளோடு நின்றது. முன்கதவு திறந்தது.

"பயணமோ?" என்றாள்.

"இல்லை."

"அப்ப காலைத் துடைச்சுப்போட்டு ஏறுங்கோ."

படிவத்தைக் கொடுத்தேன். அவள் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஸ்டியரிங் சில்லின் மேல் விரித்தாள். ஏழு திகதிகள், ஐந்துக்குப் பக்கத்தில் பெயர்கள். இரண்டு வெறுமை.

"ஐந்துக்குக் கிடைச்சிட்டுது. ரெண்டுக்கு இல்லை. அந்த ரெண்டுக்கும் கூரைக்காரர் கப்டனா நிண்டு நாணயம் சுண்டட்டும். அவருக்கு ஆறு மணிக்குப் போன் எடுத்துச் சொல்லுவன். கத்துவார்."

"கத்தட்டும்."

அவள் படிவத்தைச் சில்லின் நடுவில் வைத்துக் கையெழுத்திட்டாள். திகதியைப் போடாமல் திருப்பித் தந்தாள். நான் காட்டினேன். போட்டாள். ஐந்து இருபத்திரண்டுக்குக் கதவு மூடியது.

கேற்றைத் திறந்து, கொட்டகை மேசையில் படிவத்தைப் படம் எடுத்துக் கழகத் தலைவிக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் அன்றைய வெப்பநிலையை எழுதவில்லை என்பது நினைவுக்கு வந்தது. திடல் வெப்பமானியைப் பார்த்தேன், ஒரு பாகை. ஐந்து மணிக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டு, ஓரத்தில் ஐந்து இருபத்தொன்பது என்று எழுதினேன்.